வாஷிங்டனில் ஆட்சி மாறியது. அரூர் ஏலத்தில் என்ன மாறும்?

அமெரிக்க அதிபராக டிரம்ப் 2025 ஜனவரி 20-ல் மீண்டும் பதவியேற்றபோது, பொம்மிடி பருத்தி விவசாயிக்கு அது தொலைக்காட்சிச் செய்தி மட்டுமே. ஆகஸ்டில் நிலைமை மாறிவிட்டது.

இந்தியப் பொருட்களுக்கு 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் வரி விதித்தார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27 முதல் மேலும் 25 சதவீதம் கூட்டினார்கள். அப்போது மொத்தம் 50 ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. அங்கே ஆர்டர் குறைந்தால் நூற்பாலைகள் பஞ்சு வாங்குவதும் குறையும்.

இரண்டாவது அடி டெல்லியிலிருந்து வந்தது. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஜவுளித் துறைக்கு ஆறுதல் என்பது அரசின் விளக்கம். சீனா மார்ச்சிலேயே அமெரிக்கப் பஞ்சுக்குக் கூடுதலாக 15 சதவீத வரி போட்டுவிட்டதால், அந்தப் பஞ்சு வேறு சந்தை தேடியது. எனவே இதை வாஷிங்டனைச் சமாதானப்படுத்தும் முயற்சியாகவும் நான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 32 மி.மீ.க்கு மேல் இழை நீளமுள்ள மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு 2024 பிப்ரவரியிலேயே விலக்கு கொடுத்தாகிவிட்டது. 2025-ல் தந்த சலுகை, நம் விவசாயி விளைவிக்கும் ரகங்களோடு நேரடியாகப் போட்டியிடும் பஞ்சுக்கானது.

ஆடி, ஆவணியில் மானாவாரியாக விதைத்த பருத்தி மார்கழி, தையில் அரூர் ஏலத்துக்கு வரும். சலுகை 2025 டிசம்பர் வரை இருந்தது; அதற்குள் இறக்கிய பஞ்சு ஆலைக் கிடங்கில் இருந்திருக்கும். ஒரு குவிண்டால் பருத்தியில் சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும். பஞ்சு கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால், பருத்தியில் குவிண்டாலுக்கு 340 ரூபாய் போகும்.

2025-26 பருவத்தில் ஆதரவு விலை நடுத்தர இழைக்கு ரூ.7,710; நீண்ட இழைக்கு ரூ.8,110 என இருந்தது. அந்த விலை கிடைக்க இந்தியப் பருத்திக் கழகம் வாங்க வேண்டும். அதன் கொள்முதல் நிலையம் எல்லா ஊரிலும் இல்லை. 'கபாஸ் கிசான்' செயலியில் ஆதார், நில ஆவணத்துடன் முன்பதிவு செய்வதும் கட்டாயம். செல்போன் பழக்கமில்லாதவர்களுக்கு வேளாண் அலுவலர்கள் இப்போதே உதவ வேண்டும். ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடித்தம், 12-ஐத் தாண்டினால் வாங்கமாட்டார்கள். பனி உலர்ந்த பிறகு பறித்து, நிழலில் உலர்த்தி, கொட்டுப்பருத்தியைத் தனியே பிரித்து வையுங்கள்.