காத்திருந்தால் கனியாது

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை இரண்டு வருடம் படித்து முடித்த பிறகே எழுத வேண்டும், அவசரப்பட்டுத் தோற்றால் மனம் உடைந்துவிடும் என்கிறார் மருதானையில் டியூட்டரி நடத்தும் நண்பர். இரண்டு வருடக் கட்டணம் யாருக்குப் போகும் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பரீட்சை சட்டம் கேட்பதில்லை. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு, இவ்வளவுதான். பொது அறிவு ஊறுகாயல்ல, ஊற ஊற ருசிப்பதற்கு. போன வருட அமைச்சரவையை மனப்பாடம் செய்தவன் இந்த வருடம் மறுபடி தொடங்க வேண்டும். உயர்தரம் எழுதிய சூடு ஆறுமுன் உட்காருவதே இலாபம்.

விதிகளும் நமக்காக நிற்பதில்லை. கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020இல் வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. இடையில் காத்திருந்த தமிழ்ப் பிள்ளை எந்த மொழியில் தயாராகியிருப்பாள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மொழியில் உண்மையிலேயே தடுமாறுபவர் ஒரு வருடம் ஒதுக்கலாம். அதற்கும் டியூட்டரி வாங்கு தேவையில்லை, தினமும் ஒரு பத்திரிகை போதும். மற்றவர்கள் அடுத்த விண்ணப்பத்தையே நிரப்பட்டும். மருதானையிலிருந்து சட்டக் கல்லூரி இருக்கும் புதுக்கடைக்கு நடந்தே போகலாம்.