பழைய காருக்குப் பழைய ரயரா?

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான மொறிஸ் மைனர் கார்கள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. கண்காட்சிக்கு வைத்திருப்போர் அக்காலத்துக் 'குறொஸ் பிளை' ரயரைத் தேடிப் பூட்டட்டும். நாளாந்தம் அதில் வேலைக்குச் செல்வோருக்கு அந்த அழகு உதவாது. நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிரேக் கொண்ட வண்டி மழையில் நிற்பதற்குப் பிடிமானம் வேண்டும். அதனை றேடியல் ரயரே கூடுதலாகத் தரும்.

ஆயின் நான்கையும் ஒருங்கே மாற்றுதல் அவசியம். முன்னே றேடியலும் பின்னே பழையதுமாகக் கலந்தால், வளைவில் பின்பகுதி வழுக்கும்.

தேயாத ரயரெல்லாம் புதிய ரயரன்று. பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. நெடுநாள் கடையில் கிடந்த இறப்பர், பளபளத்தாலும் இறுகியிருக்கும். விலை பேசுமுன் அந்த இலக்கத்தைப் பாருங்கள்; வண்டியில் வருவது உங்கள் குடும்பம்.