ஊர்ப் பட்டியலும் வேதம்தான்

யோசுவா 15-ஆம் அதிகாரத்தின் ஊர்ப் பட்டியலைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று வாசிக்க வேண்டிய பகுதி அது. யூதா கோத்திரத்தின் ஊர்களாக அங்கே வரும் பெயெர்செபா, சிக்லாக், லாகீஸ் ஆகியவை, பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் மக்கள் குடியிருந்த ஊர்களாக நெகேமியா 11-இல் மறுபடி வருகின்றன. இடையில் அரசு அழிந்தது, ஆலயம் எரிந்தது. ஊர்ப் பெயர்கள் மறக்கப்படவில்லை. கடவுளின் வாக்கு ஆகாயத்தில் அல்ல, பெயருள்ள ஊரில், கிணறும் வயலும் உள்ள மண்ணில் நிறைவேறுகிறது என்ற நம்பிக்கையே இந்தப் பட்டியலின் உயிர்.

இந்தப் பட்டியல் யோசியா அரசர் காலத்து நிர்வாகப் பதிவேடு என்று 1925-இல் வேதாகம ஆய்வாளர் ஆல்பிரெக்ட் ஆல்ட் வாதிட்டார். இருக்கட்டும், நிர்வாக ஏட்டை ஒரு சமூகம் வேதமாகக் காத்தது ஏன் என்பதற்கு அது பதிலாகாது. ஊர்ப் பெயரைக் காப்பது நம்மிடமும் உண்டு: சுந்தரரின் தேவாரப் பதிகமான ஊர்த்தொகையும் சிவத்தலங்களின் பெயர்களை அடுக்கியே பதிகமாகிறது. திண்டுக்கல் நாகல் நகரின் சௌராஷ்டிர மக்கள் முன்னோர் நிலத்தின் பெயரைச் சமூகப் பெயராகவே சுமக்கிறார்கள். ஆனால் கானானியரிடம் பறித்த ஊர்களின் கணக்கல்லவா யோசுவாவின் பட்டியல் என்ற கேள்விதான் கனமானது, நியாயமானதும்கூட. எருசலேமின் எபூசியரைத் துரத்த முடியவில்லை, அவர்கள் யூதாவோடு சேர்ந்தே வாழ்கிறார்கள் என்று அந்த அதிகாரத்தின் கடைசி வசனமே ஒப்புக்கொள்கிறது. வெற்றிக் கணக்காக மட்டும் பட்டியலை விளக்கும் பிரசங்கங்கள் அந்த வசனத்தைத் தொடுவதில்லை.