ஆழாக்கும் கிராமும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நம் இலக்கணப் புலவர் பகுத்த நால்வகை அளவைகளும் இன்றும் பட்டுக்கோட்டை வீடுகளில் ஒருங்கே வழங்குகின்றன. தேங்காயை எண்ணுகிறோம், வெல்லத்தை நிறுக்கிறோம், அரிசியை முகக்கிறோம், பூவை முழம்போடுகிறோம். (பூ அடுக்களைக்கு உரியதன்று எனின் அதனை வாசலோடு விடுக.)

1010 ஆம் ஆண்டில் திருப்பணி முற்றிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலும் இந்நெறியே காண்கிறோம். நெய்க்கு உழக்கும் ஆழாக்கும், சர்க்கரைக்குப் பலம், வாழைப்பழத்திற்கு எண். நெல்லையோ ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க என்று மரக்காலின் பெயரையே பொறித்தனர். எந்த மரக்கால் என்று சொல்லாதுவிட்டாற் கணக்குக் கெடுமன்றோ?

இக்காலச் சமையல் நூலார் சிலர் இதனை உணர்ந்திலர். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவை வந்தபின், பழைய குறிப்புகளைப் பெயர்த்தெழுதுவோர் ‘ஓர் ஆழாக்கு 200 கிராம்’ என ஒரே வாய்பாட்டால் முடித்துவிடுகின்றனர். எதன் ஆழாக்கு? 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையில் நீர் 200 கிராம் நிற்கும். பச்சரிசி ஏறக்குறைய 165 கிராம். மைதா மாவோ 100 கிராம் அளவே. மாவை அழுத்தினால் நிறை ஏறும். சலித்து இட்டாற் குறையும். தலைதட்டி அளப்பதும் கூம்பாக அளப்பதும் ஒன்றல்ல. படிக்கு எட்டு ஆழாக்கு என்னும் கணக்கு ஒன்றேயாயினும், படி ஊர்தோறும் வேறுபட்டது; பட்டணம் படியின் ஆழாக்கும் சின்னப்படியின் ஆழாக்கும் ஒன்றாகா.

அங்ஙனமாயின் அனைத்தையும் தராசில் இடுக என்பாரும் உளர். கேக்குச் செய்வார்க்கு அது தகும். இட்டலிக்கு வேண்டா. நான்கிற்கு ஒன்று என அரிசியும் உளுந்தும் போடுவார்க்கு, ஆழாக்கால் அளப்பினும் படியால் அளப்பினும் விகிதம் மாறாது.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. அதிரசத்திற்குப் படி அரிசிக்கு இத்தனை பலம் வெல்லம் என்று பாட்டிமார் சொல்லுங்கால், முகத்தலும் நிறுத்தலும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன. அவ்வீட்டுப் படியைக் காணாதவர்க்கு அச்சொல் விளங்காது. பித்தளைப் படி பழைய பாத்திரக்காரனிடம் போயிற்றெனின் குறிப்பும் உடன் போயிற்று. பல வீடுகளில் ஏற்கெனவே போய்விட்டது.

ஆதலின் விடுமுறைக்குச் செல்லும் மாணவர்க்கு யாம் சொல்வது இது. வீட்டுப் படியில் விளிம்பு மட்டம் நீர் ஊற்றி, அது எத்தனை மில்லிலிட்டர் என அறிக. பின்னர் அரிசி, உளுந்து, உப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே முகந்து நிறுத்து, அவ்வெண்களைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதுக. பாட்டியார் தலைதட்டி அளப்பவரா, கூம்பாக அளப்பவரா என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்க.