கூரை இல்லாத காரும், கூரை இல்லாத சனமும்

மேல்கூரை திறக்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் காரை நம்மூரில் தினசரி ஓட்ட முடியாதாம். வெயில், மழை, புழுதி என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சில் அதற்குக் ‘கப்ரியோலே’ என்று பெயர். ஆட்டுத் துள்ளலிலிருந்து வந்த சொல். பெங்களூர் சான் மோட்டார்ஸ்கூட ரெனோ எஞ்சின் வைத்து, ‘ஸ்டார்ம்’ என்று ஒன்று விட்டது.

சரி, சுங்குவார்சத்திரத்தில் நின்று பாருங்கள். அதே ரெனோ 2010-இல் நிசானோடு சேர்ந்து கார் ஆலை திறந்த ஒரகடம் பக்கத்தில்தான். அந்தப் பக்கத்து ஆலைகளுக்குப் பிள்ளைகள் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மடக்கி வைத்த கூரைகூடக் கிடையாது. அதை ஒருவரும் ‘முடியாது’ என்பதில்லையே! காரில் போகிறவன் நனைந்தால்தான் நமக்குக் கவலையா? பைக்குகளுக்கு முதலில் தனிப்பாதை போடுங்கள் ஐயா. கூரையைப் பற்றிப் பிறகு பேசலாம்.