கைக்கு எட்டாத நிறைவு

ஓவியம் பயிலும் மாணவர்முன் புகழ்பெற்ற கலைஞர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்வது மேலைநாட்டுக் கல்லூரிகளில் நெடுநாள் வழக்கம். வருபவர் தம் படைப்புகளைத் திரையில் காட்டுவார். வண்ணத்தையும் தூரிகையையும் பற்றிச் சொல்வார். புகழ் வந்த கதையும் இடையில் தலைகாட்டும். 1973 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சமகாலக் கலை நிலையத்தில் உரையாற்றிய ஆக்னஸ் மார்ட்டின் அம்மையார் அவ்வகையினர் அல்லர்.

அப்போது அவருக்கு வயது 60. அவருடைய ஓவியங்களின் பெருங்கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆயினும் அவர் கித்தானில் வரைந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. நியூயார்க்கில் பெயர் பரவிய வேளையில், 1967இல், ஓவியப் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியவர் அவர். பின்னர் நியூ மெக்சிகோவின் மேட்டு நிலத்தில் தாமே மண் வீடு கட்டி, மின்விளக்கும் இன்றித் தனியே வாழ்ந்தார்.

அவருடைய ஓவியங்களில் உருவம் எதுவும் இராது. ஆறடிச் சதுரத்தில் பென்சிலால் இழுத்த மெல்லிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, அவ்வளவே. தொலைவில் நின்றால் பிழையற்ற ஒழுங்கு தெரியும். அருகே சென்றால் கோடு சற்றே நடுங்கியிருப்பதும், ஓரிடத்தில் அழுத்தம் குறைந்திருப்பதும் புலப்படும்.

அன்றைய உரையின் பொருளும் அதுவே. முழுமை என்பது உள்ளத்தில் ஒரு கணம் தோன்றுவது. கையால் செய்துவிட இயலாதது. தம் ஓவியங்கள் அதிலிருந்து வெகுதொலைவில் உள்ளன, மனிதராகிய நாமும் அவ்வாறே என்றார். தோல்வியும் செயலற்ற நிலையும் கலைஞன் கடந்தே ஆகவேண்டிய வழி, செருக்கு ஒழிவதும் அங்கேதான் என்பது அவர் கருத்து. பாராட்டின் இரகசியம் கேட்க வந்த இளைஞர் எவரேனும் இருந்திருந்தால் ஏமாந்திருப்பர். வரைந்ததைக் கிழித்தெறிந்துவிட்டு வந்தவனுக்கோ, அதைவிட ஆறுதலான சொல் வேறு கிடைத்திராது.

தனிமையை அவர் வற்புறுத்தியது எல்லோருக்கும் பொருந்துமா என்பது ஐயமே. பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர் மேட்டு நிலம் தேடிப் போக இயலுமா? அது துறவியின் வழி. குறையை ஒப்புக்கொண்டு பணியைத் தொடர்வது மட்டும் இல்லறத்தார்க்கும் கைகூடும்.

அடுத்த ஆண்டே அம்மையார் மீண்டும் வரையத் தொடங்கினார். மனத்தில் கண்டதற்கு ஒவ்வாதவற்றைத் தாமே அழித்தார். எண்பது வயதைக் கடந்தபின் தாவோஸ் நகரின் முதியோர் இல்லத்தில் குடியேறினார். ஆறடிக் கித்தானைத் தூக்க உடல் இடம் தரவில்லை, ஐந்தடியாகக் குறைத்துக்கொண்டார். காலையில் ஓவியக்கூடம் சென்று நாற்காலியில் அமர்வார். அடுத்த ஓவியம் மனத்தில் தெரியும்வரை தூரிகையைத் தொடமாட்டார். 2004இல், 92ஆம் வயதில், அவர் மறைந்தார்.