ரத்தத்தைப் பார்க்கிறோம், ஈறைப் பார்ப்பதில்லை



அம்பத்தூரிலும் ஆவடியிலும் தெருவுக்குத் தெரு லேப் வந்துவிட்டது. 'முழு உடல் பரிசோதனை' செய்துகொண்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறீர்கள். நான் உயிரியல் நடத்தியவன், டாக்டர் அல்ல. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

பலரும் வட்டம் போட்டு அனுப்புவது சி.ஆர்.பி. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்டதே, அதுதான். கல்லீரல் சுரக்கும் புரதம். நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கூடும். புகை மாதிரி, எந்த வீட்டு அடுப்பு என்று அது சொல்லாது. மூட்டுவாதமாக இருக்கலாம், தொப்பையாகக்கூட இருக்கலாம். நீங்களோ நேரே இதயம் என்று பயந்து அடுத்த டெஸ்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

வாயை யாராவது திறந்து பார்த்தார்களா? நாள்பட்ட ஈறு நோய் உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி.யும் ஃபைப்ரினோஜனும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈறுதான் மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்பது நிரூபணமாகவில்லை, அப்படி யாரும் பரப்ப வேண்டாம். ஆனால் சர்க்கரை விஷயம் வேறு. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. சுமார் 0.4 புள்ளி இறங்குகிறது. 8 என்பது 7.6 ஆவது லேசா? சர்க்கரை டாக்டர் பாதத்தைப் பார்க்கிறார், கண்ணைச் சோதிக்கச் சொல்கிறார். ஈறையும் அந்தப் பட்டியலில் சேர்த்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்" என்று நம் வீட்டுப் பெரியவர்களே பயமுறுத்துகிறார்கள். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காறையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே. எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளே, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. பல் டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும். வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோட்டை ஸ்டேஷன் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

அடுத்த முறை ரிப்போர்ட் அனுப்பும்போது, காலையில் பல் துலக்கித் துப்பினால் சிவப்பு தெரிகிறதா என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.